மானிட்டருக்கு எந்த கேபிள்? போர்ட்டைப் பார்த்து, கணக்குப் போட்டு, பிறகு வாங்குங்கள்

144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பிக்கும்) மானிட்டரை வாங்கி, மாதக்கணக்கில் அதை 60 ஹெர்ட்ஸிலேயே ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். 4கே திரையில் மவுஸ் அம்பு விட்டுவிட்டு நகர்வதைப் பார்த்து லேப்டாப்பைக் குறை சொல்பவர்களும் உண்டு. பெரும்பாலும் குற்றம் கேபிளிலோ, அதை மாட்டிய போர்ட்டிலோ, மாற்றாமல் விட்ட ஒரு செட்டிங்கிலோ இருக்கும். முனை பொருந்திவிட்டது என்பதற்காக வேண்டிய வேகம் கிடைத்துவிடாது. கணினியின் போர்ட், கேபிள், நடுவில் அடாப்டர் இருந்தால் அது, மானிட்டரின் போர்ட் ஆகிய நான்கில் எது மெதுவானதோ, அதன் வேகத்தில்தான் படம் வரும். இதை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ள வரிசையில் போனால் வீண் செலவு இல்லை.

1. இரண்டு பக்கமும் என்ன போர்ட் இருக்கிறது?

மேசைக் கணினியாக இருந்தால் பின்பக்கத்தைப் பாருங்கள். யுஎஸ்பி, நெட்வொர்க், ஆடியோ துளைகளோடு சேர்ந்து இருக்கும் எச்டிஎம்ஐ அல்லது டிஸ்ப்ளேபோர்ட் மதர்போர்டைச் சேர்ந்தது. அதற்குக் கீழே தனியாக, படுக்கை வசத்தில் வரிசையாக இருப்பவை கிராபிக்ஸ் கார்டுடையவை. கிராபிக்ஸ் கார்டு இருக்கிறதென்றால் மானிட்டரை அதில்தான் மாட்ட வேண்டும். மதர்போர்டில் மாட்டினால் கேம்கள் மெதுவாக ஓடும், அல்லது படமே வராது. இன்டெல் பிராசசரின் பெயர் ‘எஃப்’ என்று முடிந்தால் (ஐ5-12400எஃப் போல) அதற்குள் கிராபிக்ஸ் கிடையாது, ஆகவே மதர்போர்டு போர்ட்டில் ஒன்றுமே வராது. புதிதாக அசெம்பிள் செய்த கணினியில் ‘நோ சிக்னல்’ என்று வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

போர்ட்டுகளை உருவத்தை வைத்தே பிரித்தறியலாம்.

விஜிஏ: மூன்று வரிசையில் 15 பின், இரு பக்கமும் திருகு, பெரும்பாலும் நீல நிறம். ஐபிஎம் 1987-இல் பிஎஸ்/2 கணினிகளோடு கொண்டுவந்தது. அனலாக் சிக்னல், ஒலி வராது. நல்ல, குட்டையான கேபிளில் 1080பி (1920×1080 புள்ளிகள்) கூட ஓடும், ஆனால் எழுத்தின் ஓரம் லேசாக மங்கலாகவே இருக்கும். வேறு போர்ட் இருந்தால் இதைத் தொட வேண்டாம். வேறு வழியில்லை என்றால் மாட்டிய பிறகு மானிட்டரின் ‘ஆட்டோ அட்ஜஸ்ட்’ பட்டனை ஒருமுறை அழுத்துங்கள்.

டிவிஐ: 1999-இல் வந்தது, பெரியது, பெரும்பாலும் வெள்ளை. கேபிள் முனையில் பின்களுக்கு நடுவே இடைவெளி இருந்து மொத்தம் 18 இருந்தால் ஒற்றை இணைப்பு, 60 ஹெர்ட்ஸில் 1920×1200 வரை. இடைவெளி இல்லாமல் 24 இருந்தால் இரட்டை இணைப்பு, 2560×1600 வரை. ஓரத்தில் இருக்கும் தட்டையான பட்டைப் பின்னைச் சுற்றி நான்கு சிறு பின் இருந்தால் அது அனலாக்கையும் கடத்தும் டிவிஐ-ஐ வகை. இல்லையென்றால் டிவிஐ-டி. பின்னால் அடாப்டர் வாங்கும்போது இந்த நான்கு பின்தான் முடிவு சொல்லும்.

எச்டிஎம்ஐ: 19 பின், கீழ்ப்பக்க மூலைகள் இரண்டும் சரிந்திருக்கும். டிஸ்ப்ளேபோர்ட்: 20 பின், ஒரே ஒரு மூலை மட்டும் வெட்டியிருக்கும். பல டிஸ்ப்ளேபோர்ட் கேபிள்களின் முனையில் ஒரு கொக்கி உண்டு. மேலே உள்ள பட்டனை அழுத்திக்கொண்டே இழுக்க வேண்டும். அழுத்தாமல் பிடுங்கினால் கார்டின் போர்ட்டே பெயர்ந்து வந்துவிடும். பழைய மேக்புக்குகளில் இருக்கும் சின்னது மினி டிஸ்ப்ளேபோர்ட்.

யுஎஸ்பி-சி: நீள்வட்டம், எப்படிச் செருகினாலும் போகும். எல்லா யுஎஸ்பி-சி போர்ட்டிலும் படம் வராது. இதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், கீழே வருகிறது.

2. உங்கள் திரைக்கு எவ்வளவு வேகம் வேண்டும்?

கணக்கு எளிது. அகலம் × உயரம் × ஹெர்ட்ஸ் × 24. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலத்துக்குத் தலா 8 பிட் என்பதால் 24. எச்டிஆர் (வெளிச்சம், இருட்டு வேறுபாட்டைக் கூட்டிக் காட்டும் முறை) போட்டு 10 பிட் வைத்தால் 24-க்குப் பதில் 30.

1920×1080, 60 ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்குச் சுமார் 3 ஜிகாபிட். 2560×1440, 144 ஹெர்ட்ஸ் என்றால் 12.7. 3840×2160, அதாவது 4கே, 60 ஹெர்ட்ஸ் என்றால் 11.9. அதே 4கே 144 ஹெர்ட்ஸ் என்றால் 28.7. வரிகளுக்கும் படங்களுக்கும் நடுவே விடும் இடைவெளி நேரத்துக்காகக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். கணினி மானிட்டர்களில் சுமார் 5 முதல் 10 விழுக்காடு, டிவிக்கான முறைகளில் 20 விழுக்காடு வரை.

இனி போர்ட்டுகளின் பக்கம். பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணில் ஒரு பங்கு சிக்னலைப் பொதிவதற்கே போய்விடும். படத்துக்கு மிஞ்சுவது இவ்வளவு (எல்லாம் நொடிக்கு ஜிகாபிட்):

எச்டிஎம்ஐ 1.4: பெயரளவில் 10.2, கிடைப்பது 8.16
எச்டிஎம்ஐ 2.0: பெயரளவில் 18, கிடைப்பது 14.4
எச்டிஎம்ஐ 2.1: பெயரளவில் 48, கிடைப்பது ஏறக்குறைய 42
டிஸ்ப்ளேபோர்ட் 1.2: பெயரளவில் 21.6, கிடைப்பது 17.28
டிஸ்ப்ளேபோர்ட் 1.4: பெயரளவில் 32.4, கிடைப்பது 25.92
டிஸ்ப்ளேபோர்ட் 2.1: உச்ச வேகத்தில் பெயரளவில் 80, கிடைப்பது சுமார் 77

இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். 1440பி (2560×1440) 165 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு இடைவெளியைச் சேர்க்காமலே 14.6 வேண்டும். எச்டிஎம்ஐ 2.0-இல் அது நுழையாது. அதனால்தான் அந்த மானிட்டர்களை எச்டிஎம்ஐயில் மாட்டினால் பட்டியல் 144-ஓடு நின்றுவிடுகிறது, டிஸ்ப்ளேபோர்ட்டில் மாட்டினால் 165 தெரிகிறது. 4கே 60 எச்டிஎம்ஐ 1.4-இல் நுழையாது, 30-தான் வரும். மவுஸ் விட்டுவிட்டு நகர்வதற்குக் காரணம் இதுதான். விலை குறைந்த லேப்டாப்கள் பலவற்றில் இருப்பது 1.4 எச்டிஎம்ஐதான். அங்கே எவ்வளவு விலை கொடுத்துக் கேபிள் வாங்கினாலும் 60 வராது.

4கே 144, டிஸ்ப்ளேபோர்ட் 1.4-இல் எப்படி ஓடுகிறது என்ற கேள்வி வரும். டிஎஸ்சி என்ற சுருக்கும் முறையால் ஓடுகிறது. 2016-இல் வந்த 1.4-இல் அது சேர்க்கப்பட்டது. கிராபிக்ஸ் கார்டு, மானிட்டர் இரண்டும் அதற்கு ஒத்துழைக்க வேண்டும். அலுவலக வேலையிலும் கேமிலும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, பயமில்லாமல் பயன்படுத்தலாம்.

3. கேபிளின் பெயரைப் படிப்பது

எச்டிஎம்ஐ கேபிளுக்கு உண்மையில் பதிப்பு எண் கிடையாது. 2.0, 2.1 என்பவை கருவிகளுக்கானவை. கேபிளின் தரத்தைச் சொல்லும் பெயர்கள் வேறு: ‘ஹை ஸ்பீடு’ என்றால் 10.2 ஜிகாபிட், ‘பிரீமியம் ஹை ஸ்பீடு’ என்றால் 18, ‘அல்ட்ரா ஹை ஸ்பீடு’ என்றால் 48. பின்னிரண்டு வகைக்கும் பெட்டியின் மேல் ஸ்கேன் செய்து சரிபார்க்கும் லேபிள் இருக்கும். ‘8கே 2.1 கேபிள்’ என்று பெரிதாக எழுதியிருந்து லேபிள் இல்லையென்றால் அது விற்பவரின் வாக்கு மட்டுமே. 2025-இல் அறிவிக்கப்பட்ட 2.2-க்கு 96 ஜிகாபிட் கேபிள் ஒன்றும் உண்டு. இப்போதைக்குப் பெரும்பாலான வீடுகளுக்கு அது தேவையில்லை.

கருவியின் மேல் எழுதியிருக்கும் ‘2.1’-ஐயும் அப்படியே நம்ப வேண்டாம். பழைய 2.0 முழுவதையும் 2.1-இன் ஒரு பகுதியாகவே உரிமம் கொடுக்கும் அமைப்பு ஆக்கிவிட்டது. 48 ஜிகாபிட் என்பது அதில் கட்டாயமில்லாத ஒரு வசதி. ஆகவே 18 ஜிகாபிட் மட்டும் தரும் போர்ட்டையும் 2.1 என்று விற்கலாம். மானிட்டர் வாங்கும்போது பதிப்பு எண்ணைக் கேட்காதீர்கள். “எச்டிஎம்ஐயில் இந்த ரெசல்யூஷனுக்கு அதிகபட்சம் எத்தனை ஹெர்ட்ஸ்?” என்று கேளுங்கள். தயாரிப்பாளரின் விவரப் பட்டியலில் இது போர்ட் வாரியாகத் தனித்தனியே இருக்கும்.

டிஸ்ப்ளேபோர்ட் தரத்தைப் பார்த்துக்கொள்வது வேசா என்ற அமைப்பு. 1.4 வேகத்துக்கு ‘டிபி8கே’, 2.1 வேகங்களுக்கு ‘டிபி40’, ‘டிபி80’ என்று சான்று தருகிறது. இங்கே மலிவுக் கேபிளால் வரும் விசித்திரமான கோளாறு ஒன்று உண்டு. டிஸ்ப்ளேபோர்ட்டின் 20-வது பின் 3.3 வோல்ட் மின்சாரத்துக்கானது, அடாப்டர்களுக்காக வைத்தது. மானிட்டரையும் கணினியையும் இணைக்கும் கேபிளில் அந்தப் பின்னுக்குக் கம்பி போகவே கூடாது என்பது விதி. சில தயாரிப்பாளர்கள் 20 பின்னையும் நேராக இணைத்துவிடுகிறார்கள். அப்போது மானிட்டரிலிருந்து மின்சாரம் கிராபிக்ஸ் கார்டுக்குள் திரும்பிப் பாயும். கணினியை அணைத்த பிறகும் ஃபேன் லேசாக அசைவது, சில நேரம் ஆன் ஆகாமல் அடம்பிடிப்பது, கேபிளைக் கழற்றினால் ஒழுங்காக ஆன் ஆவது என்றெல்லாம் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கேபிளைத்தான்.

நீளத்தைப் பற்றி: எட்டும் அளவுக்குக் குட்டையானதை வாங்குங்கள். மேசைக்கு 1.5 அல்லது 2 மீட்டர் போதும். 18 ஜிகாபிட் எச்டிஎம்ஐ சாதாரணச் செம்புக் கம்பியில் 3 முதல் 5 மீட்டர் வரை நம்பிக்கையாக ஓடும். டிஸ்ப்ளேபோர்ட் 1.4-இன் முழு வேகத்துக்கு 2 மீட்டருக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. புரொஜெக்டருக்கு 10, 15 மீட்டர் இழுக்க வேண்டும் என்றால் ஆப்டிகல் எச்டிஎம்ஐ கேபிள் வாங்குங்கள். அதற்குத் திசை உண்டு: ஒரு முனையில் ‘சோர்ஸ்’, மறுமுனையில் ‘டிஸ்ப்ளே’ என்று எழுதியிருக்கும். மாற்றி மாட்டினால் படம் வராது. சுவருக்குள் குழாயில் இழுக்கும் முன் தரையில் போட்டு மாட்டிப் பார்த்துவிடுங்கள், கூர்மையாக மடக்காதீர்கள், உள்ளே இருப்பது கண்ணாடி இழை.

தங்க முலாம் துருவைத் தடுக்கும், கடலோர ஊர்களில் அது பிரயோசனம்தான். ஆனால் டிஜிட்டல் படத்தின் நிறத்தையோ கூர்மையையோ கூட்டாது. அதற்கென்று கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.

4. யுஎஸ்பி-சி

படம் வர வேண்டுமானால் லேப்டாப்பின் அந்தக் குறிப்பிட்ட போர்ட் ‘டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோடு’ என்பதை, அதாவது சி போர்ட் வழியே டிஸ்ப்ளேபோர்ட் சிக்னலை அனுப்பும் முறையை, ஏற்க வேண்டும். போர்ட்டின் பக்கத்தில் டிஸ்ப்ளேபோர்ட் சின்னமோ, தண்டர்போல்ட்டின் மின்னல் சின்னமோ இருந்தால் வரும். வெறும் யுஎஸ்பி சின்னம் மட்டும் இருந்தால் கையேட்டைப் பார்த்தே ஆக வேண்டும். ஒரே லேப்டாப்பில் இரண்டு சி போர்ட் இருந்து ஒன்றில் மட்டும் படம் வருவதும் உண்டு.

அடுத்தது கேபிள். போனோடு வரும் சார்ஜிங் கேபிளில் பெரும்பாலும் யுஎஸ்பி 2.0 கம்பிகள் மட்டுமே இருக்கும், படத்துக்கான அதிவேகக் கம்பிகள் இருக்காது. மேக்புக் பெட்டியில் வரும் சார்ஜ் கேபிளும் அப்படித்தான். ‘10 ஜிகாபிட்’, ‘யுஎஸ்பி4’, ‘தண்டர்போல்ட்’ என்று குறிப்பிட்ட கேபிளாக, ஒரு மீட்டருக்குள் வாங்குங்கள். மானிட்டரே லேப்டாப்பைச் சார்ஜ் செய்ய வேண்டும் என்றால் வாட்டையும் பாருங்கள். சாதாரண சி கேபிள் 60 வாட்டோடு நின்றுவிடும், அதற்கு மேல் 100 அல்லது 240 வாட் என்று எழுதியிருக்க வேண்டும்.

ஹப் (ஒரு சி போர்ட்டைப் பல போர்ட்டாக்கும் பெட்டி) வாங்கியவர்களுக்கு வரும் பெரிய ஏமாற்றம் 4கே 30 ஹெர்ட்ஸ். சி போர்ட்டில் அதிவேகப் பாதைகள் நான்கு. நான்கையும் படத்துக்குக் கொடுத்தால் யுஎஸ்பி 3 வேகம் போய்விடும், பென் டிரைவ் மெதுவாகும். அதனால் பல ஹப்கள் இரண்டைப் படத்துக்கும் இரண்டை யுஎஸ்பிக்கும் பிரிக்கின்றன. டிஸ்ப்ளேபோர்ட் 1.2 வேகத்தில் இரண்டு பாதை என்றால் 8.64 ஜிகாபிட், அதில் 4கே 30-தான் நுழையும். லேப்டாப், ஹப் இரண்டும் 1.4 வேகத்தில் பேசினால் இரண்டு பாதையிலேயே 12.96 கிடைக்கும், 4கே 60 நெருக்கியடித்து உள்ளே போய்விடும். ஆகவே ஹப் வாங்கும்போது ‘4கே 60 ஹெர்ட்ஸ்’ என்று தெளிவாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வெறும் ‘4கே’ என்றிருந்தால் 30 என்றே வைத்துக்கொள்ளுங்கள். சி போர்ட் உள்ள மானிட்டர்கள் சிலவற்றில் இதை மெனுவிலேயே மாற்றலாம்: ரெசல்யூஷனுக்கு முன்னுரிமையா, யுஎஸ்பி வேகத்துக்கா என்று கேட்கும்.

ஒரே சி கேபிளில் இரண்டு மானிட்டர் வேண்டும் என்பவர்கள் கவனிக்க: விண்டோஸில் எம்எஸ்டி என்ற முறையில் ஒரு டிஸ்ப்ளேபோர்ட் சிக்னலை இரண்டு திரைக்குப் பிரிக்கலாம். மேக்ஓஎஸ் அதை ஏற்பதில்லை, இரண்டிலும் ஒரே படம்தான் வரும். மேக்குக்குத் தண்டர்போல்ட் டாக் தேவை. அதோடு எம்1, எம்2 மேக்புக் ஏர் ஒரே ஒரு வெளித் திரையைத்தான் நேரடியாக இயக்கும்.

5. அடாப்டருக்குத் திசை உண்டு

கணினியில் டிஸ்ப்ளேபோர்ட், மானிட்டரில் எச்டிஎம்ஐ என்றால் எளிய மலிவான அடாப்டர் போதும். ‘டிபி++’ சின்னம் உள்ள போர்ட் எச்டிஎம்ஐ சிக்னலைத் தானே அனுப்பத் தெரிந்தது. இதைத் திருப்பிப் போட முடியாது. கணினியில் எச்டிஎம்ஐ, மானிட்டரில் டிஸ்ப்ளேபோர்ட் மட்டும் என்றால் உள்ளே சிப் உள்ள கன்வர்ட்டர் வேண்டும், பெரும்பாலும் அதற்கு யுஎஸ்பி மின்சாரமும் வேண்டும். ‘டிஸ்ப்ளேபோர்ட் டு எச்டிஎம்ஐ கேபிள்’ என்று விற்பதை இரு பக்கமும் மாற்றி மாட்டலாம் என்று நினைத்து வாங்குவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு.

டிவிஐயும் எச்டிஎம்ஐயும் ஒரே வகைச் சிக்னல், எந்தப் பக்கமும் மாற்றலாம், ஒலி மட்டும் வராமல் போகலாம். ஆனால் பழைய 1440பி மானிட்டரில் இரட்டை டிவிஐ மட்டும் இருந்தால் இந்த எளிய அடாப்டரில் 1920×1200-க்கு மேல் போகாது. விஜிஏ மானிட்டருக்கு எச்டிஎம்ஐ கணினியிலிருந்து போக டிஜிட்டலை அனலாக்காக மாற்றும் சிப் வேண்டும். சிப் இல்லாமல் வெறும் கம்பியாக விற்கும் ‘எச்டிஎம்ஐ டு விஜிஏ’ கேபிள் பெரும்பாலான கணினிகளில் வேலை செய்யாது. டிவிஐ-ஐ போர்ட்டிலிருந்து விஜிஏவுக்கு மட்டும் வெறும் அடாப்டர் போதும், டிவிஐ-டியிலிருந்து போதாது.

6. மாட்டும் முறை

கணினி, மானிட்டர் இரண்டையும் அணைத்து, சுவர் ஸ்விட்சையும் அணைத்துவிட்டு மாட்டுங்கள். நம் ஊர் வீடுகளில் இது வெறும் ஜாக்கிரதை இல்லை. பழைய பிளக் பாயிண்ட்களில் எர்த் இணைப்பு இல்லாமல் இருப்பது சகஜம். எர்த் இல்லாதபோது கணினியின் பவர் சப்ளையிலிருந்து கசியும் மின்சாரத்தால் கேபினட்டின் உலோகத்தில் சுமார் 115 வோல்ட் வரை நிற்கும். மின்னோட்டம் மிகக் குறைவு, தொட்டால் சுருக்கென்று இருக்கும். இரண்டு பக்கமும் மின்சாரம் இருக்கும்போது எச்டிஎம்ஐயைச் செருகினால் அந்த வித்தியாசம் கேபிள் வழியே பாய்ந்து போர்ட்டைக் கெடுத்துவிடக்கூடும். முதலில் கேபிள், பிறகு ஸ்விட்ச். கணினியையும் மானிட்டரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் போடுங்கள், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

ஆன் செய்த பிறகு மானிட்டரின் மெனுவுக்குப் போங்கள். சரியான இன்புட்டைத் தேர்ந்தெடுங்கள். சில மானிட்டர்கள் டிஸ்ப்ளேபோர்ட்டை 1.1 அல்லது 1.2 என்று குறைத்து வைத்தே பெட்டியிலிருந்து வரும், அதை 1.4 ஆக்குங்கள். டிவியாக இருந்தால் அந்த எச்டிஎம்ஐ போர்ட்டுக்கு உரிய ‘என்ஹான்ஸ்டு’ அல்லது ‘டீப் கலர்’ செட்டிங்கை ஆன் செய்யுங்கள், இல்லாவிட்டால் 4கே 60 முழு நிறத்தோடு வராது.

அடுத்து விண்டோஸ் 11-இல் டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக், டிஸ்ப்ளே செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே, அங்கே ரெஃப்ரெஷ் ரேட்டை உயர்ந்ததாக மாற்றுங்கள். விண்டோஸ் இதைப் பல நேரம் 60-லேயே விட்டுவைக்கும். மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸ், டிஸ்ப்ளேஸ். லினக்ஸில் ஏஎம்டி கார்டு வைத்திருப்பவர்கள் 4கே 120-க்கு டிஸ்ப்ளேபோர்ட்டை எடுப்பதே நல்லது. திறந்த மூல டிரைவரில் எச்டிஎம்ஐ 2.1-ஐச் சேர்க்க ஏஎம்டி கேட்ட அனுமதியை எச்டிஎம்ஐ தரத்தை வகுக்கும் எச்டிஎம்ஐ ஃபோரம் 2024-இல் மறுத்துவிட்டது. எந்த இயங்குதளமானாலும் கடைசியில் மானிட்டர் மெனுவின் தகவல் பக்கத்தைத் திறந்து, உண்மையில் வந்துசேரும் ரெசல்யூஷனையும் ஹெர்ட்ஸையும் பாருங்கள். நம்ப வேண்டியது அந்த எண்ணைத்தான்.

7. படம் சரியில்லை என்றால்

திரையில் அங்கங்கே வெள்ளைப் புள்ளிகள் மின்னுவது, சில நொடிக்கு ஒருமுறை கறுத்து மீண்டும் வருவது: கேபிளால் அந்த வேகத்தைத் தாங்க முடியவில்லை. ஹெர்ட்ஸைக் குறைத்துப் பாருங்கள். கோளாறு நின்றுவிட்டால் சந்தேகம் உறுதி, குட்டையான நல்ல கேபிள் வாங்குங்கள்.

கறுப்பு சாம்பலாக, படம் வெளிறி இருப்பது: எச்டிஎம்ஐயில் கணினி மானிட்டரை டிவி என்று நினைத்து 16 முதல் 235 வரையுள்ள நிற அளவையே அனுப்புகிறது. என்விடியா கண்ட்ரோல் பேனலில் ரெசல்யூஷன் மாற்றும் பக்கத்தில் ‘டைனமிக் ரேஞ்ச்’ என்பதை ‘ஃபுல்’ ஆக்குங்கள்.

படம் தெளிவு, எழுத்து மட்டும் மங்கல், குறிப்பாகக் கறுப்பின் மேல் சிவப்பு எழுத்து கரைந்து தெரிவது: வேகம் போதாமல் நிறத் தகவலை 4:2:0 அல்லது 4:2:2 ஆகக் குறைத்து அனுப்புகிறது. நிறத்தைக் குறைக்காமல் அனுப்பும் ஆர்ஜிபி அல்லது 4:4:4-க்கு மாற்றுங்கள். அந்தத் தேர்வே இல்லையென்றால் ஹெர்ட்ஸைக் குறைக்க வேண்டும்.

டிவியில் டாஸ்க்பாரின் ஓரம் வெட்டுப்படுவது: டிவி படத்தைச் சற்றுப் பெரிதாக்கிக் காட்டுகிறது. டிவி மெனுவில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’ அல்லது ‘ஸ்கிரீன் ஃபிட்’ என்று இருக்கும். எச்டிஎம்ஐ இன்புட்டின் பெயரை ‘பிசி’ என்று மாற்றினாலே சில டிவிகளில் சரியாகிவிடும்.

1024×768-க்கு மேல் பட்டியலில் எதுவுமே வராதது: மானிட்டர் தன்னால் என்னென்ன முடியும் என்று சொல்லும் இடிஐடி தகவல் கணினிக்கு எட்டவில்லை. விஜிஏ கேபிளில் 12, 15-வது பின்கள் வழியே அது போகிறது, அவை வளைந்தோ உடைந்தோ இருக்கிறதா என்று பாருங்கள். அடாப்டர் இருந்தால் எடுத்துவிட்டு நேராக மாட்டிச் சோதியுங்கள்.

எதைச் சோதித்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: முதலில் கேபிள், அடுத்து மானிட்டரின் வேறு போர்ட், அடுத்து கணினியின் வேறு போர்ட், கடைசியாக டிரைவர். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றிப் படம் வந்துவிட்டால், பழைய கேபிள் நல்லதா கெட்டதா என்று தெரியாமலே அது மறுபடியும் டிராயருக்குள் போய்விடும்.